வினை என்றொரு பெயர்

தாங்கொணாத் துன்பம் ஒன்று வந்து விழும்போது தமிழர் நாவில் எழும் சொற்களை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள்: தலையெழுத்து, தலைவிதி, வாங்கி வந்த வரம், போன பிறவியில் பண்ணின பாவம், கருமம், ஊழ், வினை. ஒரே பெருமூச்சின் பல பெயர்களாக இவை ஒலித்தாலும், சொல்லை நேசிப்பவர் காதுக்கு இவை ஒன்றல்ல. தலையெழுத்து என்றால் எழுதிய கை ஒன்று எங்கோ இருக்க வேண்டும். விதி என்றால் விதித்தவர் ஒருவர் வேண்டும். வரம் என்றால் கொடுத்தவர் வேண்டும். வினை என்ற சொல்லுக்கோ அப்படி வெளியாள் எவரும் வேண்டியதில்லை, செய்தவர் ஒருவர் இருந்தால் போதும். ஏன் இந்தத் துன்பம் என்று கேட்டவனுக்குத் தமிழ் எடுத்துத் தந்த விடை, செயல் என்ற பொருளுடைய ஈரெழுத்துச் சொல் என்பது எனக்கு அலுக்காத வியப்பு.

அந்த வியப்பைக் கூட்டுவது, பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த அதன் மற்றொரு வாழ்வு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினையியல் என்று ஓர் இயலே வகுத்து, வேற்றுமை ஏலாமல் காலத்தோடு தோன்றுவது வினை என்று அதற்கு இலக்கணம் சொன்னார். ஆனால் 'வினை' என்ற சொல்லோ வினையை, வினையால், வினைக்கு, வினையின் என்று எல்லா உருபையும் ஏற்று நிற்கும். ஏனெனில் அது வினையன்று, வினைக்கு நாம் இட்ட பெயர். செய்தல், வருதல், கொடுத்தல், கெடுத்தல் ஆகிய அத்தனை அசைவுக்கும் பொதுவாக இட்ட அந்தப் பெயரையே, பிறவிதோறும் தொடர்ந்து வந்து பயன் தருவதாகச் சொல்லப்படும் ஒன்றுக்கும் நம் முன்னோர் இட்டார்கள். இலக்கணமும் மெய்யியலும் ஒரு சொல்லில் குடியிருக்கும் வீடு இது. காலத்தோடு தோன்றுவது என்ற குறிப்பை மட்டும் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக அது பயன்படும்.

சங்கப் பாட்டுகளில் இந்தச் சொல்லைத் தேடிப் போனால், துயரத்தின் நிழல் படாத ஒரு துடிப்பான சொல்லைத்தான் காண்போம். அங்கே வினை என்பது தலைவன் பொருள் தேடிப் போவது, வேந்தனுக்காகப் போர்மேற் செல்வது, எடுத்ததை முடிப்பது. தலைவன் வினைவயிற் பிரிந்தான் என்று துறைக்குறிப்பு எழுதியவர்கள், அவன் முற்பிறவிப் பயனால் பிரிந்தான் என்று கருதவில்லை. வேலைமேல் போயிருக்கிறான் என்றுதான் கருதினார்கள். பாலை பாடிய பெருங்கடுங்கோ குறுந்தொகை 135ஆம் பாட்டில் ஆடவர்க்கு உயிர் எதுவென்று சொல்லும்போது, வினையைத்தான் உயிராகச் சொல்கிறார். தொழில் செய்வோர் வினைஞர். கையால் செய்யும் நுண்தொழில் கைவினை. திருக்குறளும் இதே தெம்போடுதான் சொல்லை ஆள்கிறது: வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரங்கள் 66, 67, 68 என அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றில் எங்கும் வினை என்பது மேலிருந்து விழுவதன்று, கீழிருந்து எழுப்புவது.

அப்படியானால், நம்மைக் கேளாமல் வந்து சேர்வதற்குப் பழந்தமிழில் என்ன பெயர்? ஊழ் அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்று ஏழு பெயர்களை ஒருபொருட் கிளவிகளாக அடுக்குகிறார். இவற்றில் தமிழ் மண்ணிலேயே முளைத்த மூன்றைத் தனியே எடுத்துச் சுவைக்கலாம். பால் என்பது பகுப்பு, பங்கு. ஆண்பால், பெண்பால் என்பதும் அறத்துப்பால் என்பதும் இந்தப் பால்தான். வாழ்வில் ஒருவர் பங்குக்கு விழுந்ததும் பால் ஆயிற்று. முறை என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கு. ஊழ் இரண்டினும் ஆழமானது. ஊழ்த்தல் என்ற வினைக்கு மலர்தல், முதிர்தல், முதிர்ந்து உதிர்தல் என்ற பொருள்கள் உண்டு. கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூவைச் சொல்லும் குறள் ஒன்றில் (650) இந்த மலர்தற்பொருள் இன்றும் வாடாமல் இருக்கிறது. அரும்பு மலராவதற்கும் காய் கனியாவதற்கும் உரிய அந்தப் பருவம் தவறாமைதான் ஊழ். நெடிய காலத்தைக் குறிக்கும் ஊழி அதன் உடன்பிறப்பு. ஊழ் என்றவுடன் நமக்கு இடிவிழுந்த உணர்வு வருகிறது. அந்தச் சொல்லின் அடியிலோ ஒரு மரம் பொறுமையாக நிற்கிறது.

தொல்காப்பியரின் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. உயர்திணையில் வைத்து எண்ணப்பட்டாலும் அஃறிணை முடிபே கொள்பவை என்று காலம், உலகம், உயிர், உடம்பு, பால்வரை தெய்வம், வினை, பூதம், ஞாயிறு, திங்கள், சொல் எனப் பத்தை அவர் எண்ணுகிறார். பங்கை வரையறுக்கும் தெய்வமும், செய்ததன் வடிவான வினையும், இவற்றையெல்லாம் பேசுவதற்கு நமக்கு வாய்த்த சொல்லும் ஒரே வரிசையில் இருப்பதைப் பார்க்கும்தோறும் நெஞ்சு குளிர்கிறது. வினைக்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு 'வினை விளைந்தது' என்பது. வினை விளைந்தான் என்று சொல்லக்கூடாது என்பதே அங்கே பாடம். தண்டிக்கும் ஆளாக அதை ஆக்காமல், விளையும் பொருளாகவே நம் இலக்கணம் நிறுத்திவைத்திருக்கிறது.

இந்தப் பழைய நிலையில் நின்று பாடியவர்தான் கணியன் பூங்குன்றனார். புறநானூற்று 192ஆம் பாட்டில், மழையில் பெருகிய ஆற்றோடு செல்லும் தெப்பம்போல உயிர் முறையின் வழியே செல்லும் என்கிறார். முறை என்ற சொல்லையே ஆள்கிறார். இன்னும் கவனிக்க வேண்டியது, அந்த எண்ணத்திலிருந்து அவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதை. பெரியவரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவரை இகழ்வது அதனினும் இல்லை என்பது அவர் முடிபு. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று கண்டவர், தாழ்ந்து கிடப்பவரைத் தாழ்வாக நினைக்கும் உரிமை தமக்கில்லை என்று உணர்ந்தார். மறுபிறவி எண்ணமும் அந்தக் காலத்துக்குப் புதிதன்று. இம்மையில் கொடுத்தால் மறுமைக்கு உதவும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று, 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாராட்டுகிறார்.

இம்மை என்றதும் அதன் உடன்பிறப்புகளையும் பார்த்துவிடுவோம். இ என்னும் அண்மைச் சுட்டோடு மை சேர்ந்து இம்மை, இந்தப் பிறப்பு. மறு சேர்ந்து மறுமை, அடுத்த பிறப்பு. உ என்னும் சுட்டோடு மை சேர்ந்த உம்மை என்ற சொல் முற்பிறப்பையும் குறிக்கும், வரும் பிறப்பையும் குறிக்கும். கண்ணெதிரே உள்ளதை இ காட்ட, கண்ணுக்கு மறைந்த இரு பக்கத்தையும் ஒரே உ சுட்டிவிடுகிறது. அவனும் வந்தான் என்னும்போது 'முன்பே வேறொருவரும் வந்தார்' என்று குறிப்பால் உணர்த்தும் இடைச்சொல்லுக்கும் நம் இலக்கணத்தார் வைத்த பெயர் எச்ச உம்மை. சொல்லின் வேர் வேறாயினும், ஒலியின் இந்த ஒற்றுமையைக் கேட்டு மகிழத் தடையில்லை.

சமணமும் பௌத்தமும் தமிழ் நிலத்தில் வேரூன்றி வாதம் செய்த காலத்தில், செய்தலைக் குறித்த வினையும் பருவத்தைக் குறித்த ஊழும் ஒரு சொல்லாகக் கைகோத்தன: ஊழ்வினை. சிலப்பதிகாரத்தின் மூன்று நோக்கங்களில் ஒன்று இந்த ஊழ்வினை சினந்து வந்து தன் பயனை ஊட்டும் என்பது. ஊட்டும் என்ற அந்தச் சொல்லில் சற்று நில்லுங்கள். உண்ணுதல் தன்வினை, ஊட்டுதல் பிறவினை. நாம் சமைத்ததை நமக்கே ஊட்டுவதற்கு இன்னொரு கை வருகிறது. உண்பவர் மட்டும் மாறுவதில்லை.

எதை ஊட்டியது என்பதைக் கண்ணகிக்கு மதுராபதி தெய்வம் விளக்கும் இடம் மதுரைக் காண்டத்தின் கடைசிக் காதை. கலிங்க நாட்டில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகைகொண்டிருந்த நாளில், கபிலபுரத்து வணிகன் சங்கமன் மனைவியோடு சிங்கபுரம் வந்து அணிகலன் விற்கிறான். அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து, மலையேறி, எமக்குத் துன்பம் செய்தவர் இதையே அடைக என்று சபித்து உயிர்விடுகிறாள். அந்தப் பரதனே கோவலன் என்கிறது தெய்வம். வணிகன், அணிகலன், பொய்ப்பழி, ஆராயாத கொலை, மனைவியின் 14 நாள் என்று ஒவ்வொன்றும் மறுபடி வருகிறது. இலக்கணம் தெரிந்தவர் இதை வினையெச்சம் என்று சொல்லிவிடுவார்: 'காட்டிக் கொடுத்து' என்று சிங்கபுரத்தில் முடியாமல் நின்ற எச்சம், தன்னை முடிக்கும் முற்றைத் தேடி நடந்து மதுரைத் தெருவில் அதைக் கண்டது. எச்சம், முற்று என்ற பெயர்களை வினைக்கு வைத்தவர்கள் அறிந்தே வைத்தார்களோ என்று எண்ணத் தோன்றும். அந்தப் பிறவிக் கதையைச் சொல்லும் காதைக்கு இளங்கோவடிகள் நூலில் வழங்கும் பெயர் கட்டுரை காதை என்பது, கட்டுரை எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் ஒரு தனி இனிப்பு.

மணிமேகலையில் சாத்தனார் இன்னும் துல்லியமாகப் போகிறார். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்ந்த மணிமேகலைக்கு, நூலின் இறுதியில் பன்னிரண்டு சார்புகள் உரைக்கப்படுகின்றன. பாலி மொழியின் அந்தக் கலைச்சொற்களுக்கு அவர் தந்த தமிழைப் பாருங்கள்: தொடக்கத்தில் பேதைமை, அதை அடுத்துச் செய்கை, நடுவே ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, கடைசியில் மூப்பும் சாவும் துயரும் அடங்கிய வினைப்பயன். துன்பச் சங்கிலியின் இரண்டாம் கண்ணியும் பன்னிரண்டாம் கண்ணியும் செயலின் பெயரையே சுமக்கின்றன.

இனி வடக்கிலிருந்து வந்த விருந்தாளியைப் பார்ப்போம். செய்தல் என்னும் பொருளுடைய வடமொழி அடியிலிருந்து பிறந்த கர்மம், தமிழுக்குள் மூன்று உடுப்பு உடுத்து வந்தது. பாகதத்தின் வழியாகக் கம்மம் என்று வந்தது. நெடுநல்வாடை சொல்லும் கைதேர்ந்த கம்மியனும், கம்மாளரும், கொல்லர் உலைக்களமான கம்மாலையும் அந்தக் குடும்பம். ரகரம் னகரமாகிக் கன்மம் என்று வந்தது; ஆணவம், கன்மம், மாயை என்ற சைவ மும்மலத்தில் அது நிலைத்தது. இடையே உகரம் புகுந்து கருமம் என்று வந்தது. திருக்குறளில் அது செயல் என்ற பொருளிலேயே வழங்குகிறது. எண்ணித் துணியச் சொல்வதும் (467), ஒருவரின் பெருமை சிறுமையை உரைத்துப் பார்க்கும் கல்லாகச் சொல்வதும் (505) கருமத்தைத்தான். பிற்பாடு இந்தக் கருமம் கடலின் இரு கரையில் இரு வாழ்க்கை வாழத் தொடங்கியது. இலங்கையில் அது இன்றும் மதிப்புக் குன்றாத சொல்; ஆட்சிமொழியை அங்கே அரச கரும மொழி என்றுதான் சொல்கிறார்கள், அதற்கு ஒரு திணைக்களமும் உண்டு. தமிழ்நாட்டிலோ இறந்தவர்க்குச் செய்யும் கருமாதியிலும், முகம் சுளித்துச் சொல்லும் 'கருமம், கருமம்' என்பதிலும் ஒடுங்கிவிட்டது. கருமமே கண்ணாக இருந்தார் என்னும் தொடரில் மட்டும் பழைய உயிர் துடிக்கிறது.

கருமம் இப்படி அலைந்தபோது வினை தன் வேர்ப்பொருளைக் கைவிடாமல் நின்றதற்கு அதன் கட்டமைப்பே காரணம் என்பேன். சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூவகைப்படுத்தியது. முன்பே ஈட்டிக் குவித்தது தொல்வினை. அதிலிருந்து இப்பிறவிக்கென்று பழுத்து நுகர வந்தது ஊழ்வினை. நுகரும்போதே புதிதாக ஏறுவது மேல்வினை. இப்போது 'செய்வினை' என்ற சொல்லை எடுத்துப் பிரியுங்கள். செய்த வினை, செய்கின்ற வினை, செய்யும் வினை என்று முக்காலத்தையும் தனக்குள் மறைத்து நிற்கும் வினைத்தொகை அது. மூன்று கலைச்சொற்களும் மூன்று நூற்பாக்களும் வேண்டிய ஒரு கொள்கையைத் தமிழ் ஒரு தொகைச்சொல்லில் மடித்து வைத்திருக்கிறது. காலத்தோடு தோன்றுவது வினை என்ற தொல்காப்பியர் வாக்கு இங்கே புதுப்பொருளோடு ஒலிக்கிறதல்லவா? இருவினையொப்பு என்ற சொல்லையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். நல்வினை தீவினை இரண்டின் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் நிலைக்கு அது பெயர்; பொன்னாசையும் துயர் அச்சமும் ஒருசேர அடங்கும் இடத்துக்கு இவ்வளவு அமைதியான சொல் வேறில்லை.

இந்தச் சொல்லின் முழு வலிமையையும் ஒரே மூச்சில் காட்டியவர் திருஞானசம்பந்தர். 7ஆம் நூற்றாண்டில் அவர் அடியாரோடு கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன் வந்தோரைக் குளிர்சுரம் பற்றியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே அவ்வினை, இவ்வினை, உய்வினை, கைவினை, செய்வினை என்று ஐந்து வினைகளை நிறுத்துகிறார். பழைய செயலுக்கு இந்தத் துன்பம் என்று காரணம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்பது அவர் கேட்கும் கேள்வி. 'உய்வினை' என்ற சொல்லை உய்வு, இன், ஐ எனப் பிரித்தால் உய்தியை என்று பொருள். உய், வினை எனப் பிரித்தால் உய்யும் வினை, அதாவது கரையேறுவதற்கான செயல். இரண்டு பிரிப்புக்கும் இடம் கொடுத்து அந்தச் சொல் நிற்பதால், விடுதலையும் செயலும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்து வரும் கைவினை, கை செய்யும் தொண்டு. நோயுற்ற கூட்டத்தின் நடுவே நின்று அவர் வினைக்கு மருந்தாகச் சொன்னதும் வினையைத்தான்.

மக்கள் வழக்கில் இந்தச் சொல் சற்றுக் குறுகியதை மறைப்பதற்கில்லை. நறுமணத்துக்குப் பெயரான நாற்றம் கெட்ட வாடைக்கு ஒதுக்கப்பட்டதுபோல, நன்மைக்கும் தீமைக்கும் பொதுவான வினை தீயதன் பக்கம் சாய்ந்தது. விளையாட்டு வினையாகும் என்கிறோம். தினை விதைத்தவனுக்கு எதிரே வினை விதைத்தவனை நிறுத்துகிறோம். அடையின்றி நின்றால் வினை என்பது தீவினையே என்று ஆகிவிட்டது. செயப்பாட்டுவினைக்கு எதிரான செய்வினை ஏவல், சூனியத்துக்கும் பெயராயிற்று. ஆனால் வேதியியல் பாடநூலைத் திறந்தால் அங்கே வேதிவினையும் வினையூக்கியும் எதிர்வினையும் பழைய சுறுசுறுப்போடு காத்திருக்கின்றன. இலங்கை அலுவலகங்களில் வினைத்திறன் என்ற சொல் நாள்தோறும் புழங்குகிறது.

சொல்லின் வரலாறு இருக்கட்டும், மனிதர் ஏன் துன்புறுகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே என்பீர்கள். அதற்கும் ஒரு சொல்லின் வழியே போகலாம். சிவிகையைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் காட்டும் 37ஆம் குறளில் 'வேண்டா' என்று ஒரு சொல் வருகிறது. பரிமேலழகர் அதற்குத் தேவையில்லை என்று பொருள் கொண்டார்: அறத்தின் பயன் இது என்று நூலால் உணர்த்த வேண்டியதில்லை, இந்த இருவரையும் கண்டாலே விளங்கும் என்பது அவர் உரை. பின்வந்தோர் சிலர் அதே வேண்டாவுக்குக் கூடாது என்று பொருள் கொண்டார்கள்: ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறியிருப்பதைக் காட்டி, இதுதான் அறத்தின் வழி என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் உரை. தமிழ் இலக்கணம் இரண்டையும் ஒப்பும். ஆனால் சுமப்பவன் காதில் விழும்போது இரண்டும் ஒன்றாகா. நான் இரண்டாம் உரையின் பக்கம் நிற்கிறேன். பூங்குன்றனார் எந்த முறையிலிருந்து சிறியோரை இகழாமையைக் கற்றாரோ, அந்த முறையையே காட்டிச் சிறியோரை இகழ்வதற்குத் தமிழ் இடம் தரவில்லை என்று நம்புகிறேன்.

துன்பத்தில் கிடப்பவர் 'என் வினை' என்று தன்மையில் சொல்லும்போது அந்தச் சொல் அவருக்கு ஒரு பிடிமானம் ஆகலாம். அடுத்தவர் அதையே 'அவன் வினை' என்று படர்க்கையில் சொல்லும்போது அது கல்லாகிவிடுகிறது. பிள்ளையை இழந்த தாய்க்கும், பிறவியிலேயே ஊனமுற்ற குழந்தைக்கும், சாதியின் பேரால் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கும் அந்தக் கல்லை எறிந்தவர்கள், சொல்லின் பாதிப் பொருளை மட்டும் அறிந்தவர்கள். தவத்தின் வடிவம் என்ன என்று சொல்லும் 261ஆம் குறள், தனக்கு வந்த நோயைத் தாங்குவதையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் ஒன்றாகவே வைக்கிறது. நோயும் அதை நோற்பதும் அங்கே அருகருகே ஒலிக்கின்றன. ஆனால் நோற்பது தன் நோயைத்தான், பிறர் நோய்க்குக் காரணம் கற்பிப்பதன்று.

பிறர் துன்பத்தின் முன் நிற்கும்போது நமக்குரிய சொல்லை வள்ளுவர் ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரத்தின் பெயரிலேயே வைத்திருக்கிறார்: ஆள்வினை. ஊழ்வினையும் வினைத்தொகை, ஆள்வினையும் வினைத்தொகை. முன்னது தானே முதிர்ந்து வரும் வினை, பின்னது ஒருவர் ஆண்டு நடத்தும் வினை. ஊழைவிட வலியது எது என்று 380இல் கேட்டவரே, சோராமல் உழைப்பவர் ஊழையும் புறங்காட்ட வைப்பர் என்று 620இல் சொல்கிறார். அந்தப் புறத்துக்கு அவர் ஆண்ட சொல் உப்பக்கம். உம்மையில் நாம் கண்ட அதே உகரச் சுட்டு, மறைந்திருக்கும் மறுபக்கத்தைக் காட்டுவதற்காக இங்கும் வருகிறது. சுரத்தில் கிடப்பவர்க்கு மருந்து கொண்டு போவதும், சிவிகையை இறக்கி வைக்கச் சொல்வதும், பசித்தவர்க்குச் சோறிடுவதும் ஆள்வினை. துன்பம் ஏன் வந்தது என்பதற்கு எந்தச் சமயம் எந்த விடை சொன்னாலும், அதைக் கண்டவர் அடுத்து என்ன செய்தார் என்பதற்கும் தமிழில் வினை என்றே பெயர். அந்த வினையும் விளையும்.